கொசு பேட்: முந்நூறு ரூபாய்க்கு இரண்டாயிரம் வோல்ட்

வீட்டில் இருப்பதிலேயே அதிக வோல்ட் உள்ள பொருள் எது என்று கேட்டால் ஏசி, கீசர், கிரைண்டர் என்று பதில் வரும். அவையெல்லாம் சுவர் தருகிற 230 வோல்ட்டோடு திருப்திப்பட்டுக்கொள்ளும் சாதுக்கள். கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும் கொசு பேட் நாலு வோல்ட் செல்லை வைத்துக்கொண்டு 1,500 முதல் 3,000 வோல்ட் வரை எகிறுகிறது. பிளாட்பாரத்தில் குடையோடும் டார்ச் லைட்டோடும் சேர்த்து விற்கிற பொருள் என்பதால் இதை யாரும் உட்கார்ந்து அலசுவதில்லை. நிறம் பார்த்து வாங்குகிறோம். ஆறு மாதம் கழித்து "சார்ஜே நிக்க மாட்டேங்குது" என்று பரணில் எறிகிறோம்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். வீட்டுக்குள் வந்துவிட்ட கொசுவை, புகையும் வாடையும் இல்லாமல், அந்த நிமிடமே முடிப்பதற்கு இதைவிடச் சிறந்த கருவி இந்த விலையில் கிடையாது. ஆனால் பெட்டி மேல் அச்சிட்டிருக்கும் வோல்ட் எண்ணைப் பார்த்து வாங்கினால் ஏமாற்றம்தான். பார்க்க வேண்டியவை இரண்டே: உள்ளே என்ன செல், அதை எப்படிச் சார்ஜ் ஏற்றுகிறது. மற்றதெல்லாம் பிளாஸ்டிக்.

நாலு எப்படி இரண்டாயிரம் ஆகிறது

கைப்பிடியைத் திறந்தால் சின்னதாக ஒரு போர்டு. அதில் ஒரு டிரான்சிஸ்டர், பெரும்பாலும் டி882 என்ற எண் போட்டது. பக்கத்தில் ஃபெரைட் உள்ளகம் கொண்ட குட்டி டிரான்ஸ்ஃபார்மர், மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் சில டயோடுகள், மின்னூட்டத்தைத் தேக்கிவைக்கும் சில கெப்பாசிட்டர்கள். செல்லிலிருந்து வருவது நேர்மின்சாரம். டிரான்ஸ்ஃபார்மருக்கு அது செல்லாது, ஏறி இறங்குகிற மின்சாரம்தான் வேண்டும். ஆகவே டிரான்சிஸ்டர் நொடிக்குப் பல ஆயிரம் முறை அணைந்து எரிகிறது. பட்டனை அழுத்தியதும் காதோரம் மெல்லிசாக ஒரு கீச்சொலி கேட்கிறதே, அது இந்த அணைந்தெரியும் வேலையின் சத்தம். (சில பேட்டுகளில் கேட்காது, வேகம் நம் காதின் எல்லையைத் தாண்டியிருக்கும். சின்னப் பிள்ளைகளுக்குக் கேட்கும், தாத்தாவுக்குக் கேட்காது.)

டிரான்ஸ்ஃபார்மர் சில நூறு வோல்ட் வரைதான் உயர்த்தும். அதற்கு மேல் ஏற்றுவது டயோடும் கெப்பாசிட்டரும் மாறி மாறி அமைந்த ஓர் ஏணி. ஒவ்வொரு படியிலும் ஒரு கெப்பாசிட்டர் நிரம்பி, தன் வோல்ட்டை அடுத்த படியின் தலையில் ஏற்றிவிடுகிறது. 1932-ல் கேம்பிரிட்ஜில் காக்ராஃப்ட், வால்டன் என்ற இருவர் இதே ஏணியைப் பெரிதாகக் கட்டி, பல லட்சம் வோல்ட்டில் புரோட்டான்களை முடுக்கி, லித்தியம் அணுக்கருவைப் பிளந்தார்கள். 1951-ல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. அதே சுற்றுத்தான் இன்று கட்டிலுக்கடியில் கொசு தேடுகிறது. அறிவியலின் வளர்ச்சியா வீழ்ச்சியா என்று நினைக்கத் தோன்றும்; இரவு பதினொரு மணிக்குக் காதருகே ரீங்காரம் கேட்கும்போது வளர்ச்சி என்றுதான் படும்.

தலைப்பகுதியில் மூன்று அடுக்கு வலை. வெளியே இருக்கிற இரண்டும் ஒன்றோடொன்று இணைந்தவை. நடுவில் இருப்பது எதிர்முனை. வெளி வலையை மட்டும் தொட்டால் ஒன்றும் ஆகாததற்கு இதுதான் காரணம். விரல் வெளி வலையை அமுக்கி நடு வலையையும் தொட்டால்தான் 'சுளீர்'. விலை குறைந்த ஒற்றை அடுக்குப் பேட்டுகளில் பக்கத்துப் பக்கத்துக் கம்பிகளே எதிரெதிர் முனைகள். விரல் எங்கே பட்டாலும் அடிதான். பிள்ளைகள் இருக்கிற வீட்டில் அந்த வகை வேண்டவே வேண்டாம்.

வலைகளுக்கு நடுவே சில மில்லிமீட்டர் இடைவெளி. உலர்ந்த காற்றில் ஒரு மில்லிமீட்டரைத் தாண்டிப் பொறி பாய ஏறத்தாழ 3,000 வோல்ட் வேண்டும். எனவே 2,000 வோல்ட் வலையில் இருந்தாலும் தானாகப் பாயாது. கொசு நடுவில் வந்து நுழைந்ததும் இடைவெளி சுருங்கிவிடுகிறது. உப்பும் ஈரமும் கொண்ட அதன் உடம்பே பாலமாகிவிடுகிறது. பொறி பாய்கிற பாதையில் காற்று ஒரு கணத்தில் பல ஆயிரம் டிகிரிக்குச் சூடாகித் திடீரென விரிவதுதான் அந்த 'பட்'. வானத்தில் நடந்தால் அதற்குப் பெயர் இடி.

எல்லாக் கொசுவும் சாவதில்லை

பேட்டைக் குறை சொல்பவர்கள் அதிகம் சொல்வது இதைத்தான்: பட்டென்று சத்தம் வந்தது, கொசு தரையில் விழுந்தது, துடைப்பம் எடுத்துக்கொண்டு வருவதற்குள் காணோம். அவர்கள் சொல்வது நிஜம், காரணமும் உண்டு.

வலையோடு இணைந்த கடைசிக் கெப்பாசிட்டர் 33 நானோஃபாரட் (ஃபாரட் என்பது கெப்பாசிட்டரின் கொள்ளளவை அளக்கும் அலகு) என்றும், வோல்ட் 2,000 என்றும் வைத்துக்கொண்டால், அதில் தேங்கும் ஆற்றல் 0.066 ஜூல். இதயத்துக்கு அதிர்ச்சி தரும் ஆஸ்பத்திரிக் கருவி தருவது 150, 200 ஜூல். ஆகவே உடல்நலம் சரியாக இருக்கிற மனிதருக்கு இது வலிக்கும், திட்ட வைக்கும், அவ்வளவுதான். பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் மட்டும் கையிலேயே எடுக்காமல் இருப்பது நல்லது. கொசுவின் பக்கம் வருவோம். அதன் எடை சுமார் இரண்டரை மில்லிகிராம். அந்த 0.066 ஜூலும் உடம்பு முழுக்கப் பரவியதாகக் கணக்குப் போட்டால் வெப்பநிலை ஆறேழு டிகிரிதான் கூடும். ஒரே பொறியில் கொசு வெந்துவிடாது. நரம்பும் தசையும் அதிர்ந்து மயங்கி விழுகிறது. பட்டனை விடாமல் அழுத்திக்கொண்டிருந்தால் கெப்பாசிட்டர் திரும்பத் திரும்ப நிரம்பி, இரண்டாவது, மூன்றாவது பொறியும் பாயும். காரியம் அதில்தான் முடிகிறது.

இதிலிருந்து இரண்டு பழக்கங்கள். வீசுவதற்கு ஒரு நொடி முன்பே பட்டனை அழுத்த வேண்டும். கெப்பாசிட்டர் நிரம்ப அவகாசம் வேண்டும். சத்தம் கேட்டதும் கையை எடுக்காமல் இன்னொரு நொடி பிடித்திருக்க வேண்டும். செல் இறங்கிப் போயிருந்தால் பொறிகளுக்கு இடைவெளி கூடும். அப்போது பேட் கொசுவைக் கொல்லாது, தூங்கவைத்து எழுப்பிவிடும்.

பட்டனை விட்ட பிறகும் வலையில் கொஞ்ச நேரம் மின்னூட்டம் மிச்சமிருக்கும். நல்ல பேட்டில் அதை வடிக்க ஒரு ரெசிஸ்டர் வைத்திருப்பார்கள். இருக்கிறதா என்று நம்புவதைவிட, பிளாஸ்டிக் பிடி போட்ட ஸ்குரூ டிரைவரால் நடு வலையையும் வெளி வலையையும் சேர்த்துத் தொட்டுவிடுவது உத்தமம்.

செல்தான் எல்லாம்

இனி பணம் போகிற இடத்துக்கு வருவோம். கைப்பிடியின் அடியில் இரண்டு முள் பிளக் வெளியே நீளும் பழைய வகைப் பேட்டில் இருப்பது 4 வோல்ட் லெட் ஆசிட் செல். 400 அல்லது 500 மில்லி ஆம்பியர் மணி என்று எழுதியிருக்கும், செல் எவ்வளவு சார்ஜ் கொள்ளும் என்கிற அளவு அது. இன்வெர்ட்டர் பேட்டரியின் அதே ஈயம், அதே அமிலம். தண்ணீர் ஊற்ற வழியில்லாமல் மூடியது.

அதைச் சார்ஜ் ஏற்றும் சுற்றில் டிரான்ஸ்ஃபார்மர் கிடையாது. காசு மிச்சம். 230 வோல்ட்டைத் தடுத்துக் குறைக்க 105 ஜே, 400 வோல்ட் என்று எழுதிய ஒரு கெப்பாசிட்டரை வரிசையில் வைத்துவிடுகிறார்கள். 105 என்றால் ஒரு மைக்ரோஃபாரட். நம் ஊர் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்கு அது சுமார் 3,200 ஓம் தடை போலச் செயல்பட்டு, ஏறக்குறைய 70 மில்லி ஆம்பியரை மட்டும் விடும். 400 மில்லி ஆம்பியர் மணி செல்லை அந்த வேகத்தில் நிரப்ப, இடையில் வீணாவதையும் சேர்த்தால், ஏழெட்டு மணி நேரம். பெட்டியில் எட்டு முதல் பத்து மணி நேரம் சார்ஜ் போடச் சொல்வது இந்தக் கணக்கில்தான்.

கோளாறு எங்கே என்றால், நிரம்பியதும் நிறுத்துகிற ஏற்பாடு இந்தச் சுற்றில் இல்லை. 400 மில்லி ஆம்பியர் மணி செல்லுக்குப் பத்தில் ஒரு பங்கு, அதாவது 40 மில்லி ஆம்பியர்தான் நிதானமான சார்ஜ். நிரம்பிய பிறகும் 70 ஓடிக்கொண்டே இருந்தால் செல்லுக்குள் இருக்கும் தண்ணீர் ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிந்து போகிறது. செல் காய்கிறது, சில சமயம் உப்புகிறது. சனிக்கிழமை ராத்திரி செருகி, திங்கட்கிழமை ஞாபகம் வந்து பிடுங்குகிற வீடுகளில் பேட் ஆறு மாதம் தாங்குவதே அதிகம்.

இதற்கு நேரெதிரான தப்பும் உண்டு. கோடையில் கொசு குறைந்ததும் பேட்டை மூலையில் வைத்துவிட்டு, ஐப்பசி மழைக்குப் பிறகு எடுப்பது. லெட் ஆசிட் செல் சும்மா இருந்தாலும் மெல்ல இறங்கும். இறங்கிய நிலையிலேயே மாதக்கணக்கில் கிடந்தால் ஈயத் தகடுகளில் ஈய சல்ஃபேட் கெட்டியாகப் படிந்துவிடும். பிறகு எவ்வளவு நேரம் செருகினாலும் ஏறாது. வேலை இருக்கிறதோ இல்லையோ, மாதம் ஒரு முறை ஒரு ராத்திரி சார்ஜ். படுக்கப் போகும்போது போட்டு, பால் காய்ச்சும்போது எடுத்துவிடுவது எளிய முறை. வாங்கி வந்த அன்றே முதல் வேலையாகச் சார்ஜ் போடுங்கள். கடை அலமாரியில் எத்தனை மாதம் கிடந்ததோ.

இன்னொன்று, இதுதான் முக்கியம். டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத சார்ஜர் என்றால் சுவரின் 230 வோல்ட்டுக்கும் பேட்டின் உள் கம்பிகளுக்கும் நடுவே தடுப்புச் சுவர் கிடையாது. சார்ஜில் இருக்கும்போது வலை, கம்பி, செல் எல்லாமே வீட்டு மின்சாரத்தோடு உறவில் இருக்கின்றன. அந்த நேரத்தில் கொசு வந்தது என்று செருகியபடியே பட்டனை அழுத்துவதும், வலையைத் தொடுவதும் உயிரோடு விளையாடுவது. மேலே சொன்ன 0.066 ஜூல் கணக்கெல்லாம் அப்போது செல்லாது.

புதிய வகையில் 3.7 வோல்ட் லித்தியம் செல், யுஎஸ்பி அல்லது டைப் சி துளை. போன் சார்ஜரிலிருந்து 5 வோல்ட் மட்டும் வருவதால் சுவர் மின்சாரம் வலைக்கு எட்டாது. 4.2 வோல்ட்டைத் தொட்டதும் நிறுத்துகிற சிறு சில்லும் இருக்கும். மூன்று மாதம் மறந்து வைத்தாலும் சார்ஜ் பெரும்பாலும் மிச்சமிருக்கும். விலை நூறு, இருநூறு ரூபாய் கூடுதல். அந்தக் கூடுதலைக் கொடுங்கள். இந்த மதிப்புரையில் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக்கொள்ளக்கூடிய ஒரே ஆலோசனை இது.

பழைய பேட்டில் செல் போய்விட்டது, லித்தியம் செல் ஒன்று வாங்கிப் பொருத்திக்கொள்ளலாமே என்று சிலருக்குத் தோன்றும். கூடாது. நிறுத்தத் தெரியாத அந்தச் சார்ஜரில் லித்தியம் செல்லை மாட்டினால் அளவுக்கு மீறி ஏறித் தீப்பிடிக்கலாம்.

கடையில் நின்று பார்க்க வேண்டியவை

பட்டனை அழுத்தச் சொல்லி, ஸ்குரூ டிரைவர் முனையால் நடு வலையையும் வெளி வலையையும் இணைத்துக் காட்டச் சொல்லுங்கள். கடைக்காரர்கள் பெருமையாகச் செய்து காட்டுகிற வித்தைதான். பொறி நீலம் கலந்த வெள்ளையாக, அழுத்தமான சத்தத்தோடு வர வேண்டும். சோர்ந்து போன 'சிட்' என்றால் வேறு எடுக்கச் சொல்லலாம், ஆனால் செல் இறங்கியிருந்தாலும் அப்படித்தான் வரும் என்பதால் அதை வைத்தே நிராகரிக்க வேண்டாம். பிறகு பட்டனை விட்டு, மின்னூட்டத்தை வடித்த பின், வலையைக் கட்டைவிரலால் லேசாக அமுக்கிப் பாருங்கள். உள்ளே குழிந்து நடு வலையைத் தொடுகிறதா? அப்படியானால் ஒரு முறை கட்டில் காலில் இடித்தாலே வலைகள் ஒட்டிக்கொண்டு பேட் செத்துவிடும். வலையின் விளிம்பைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் சட்டம் தடிமனாக இருப்பது, பளபளப்பான நிறத்தைவிட நூறு மடங்கு பயன். நகரும் சுவிட்ச் ஒன்று, அழுத்தும் பட்டன் ஒன்று என்று இரண்டு கட்டமாக இருந்தால் பிள்ளைகள் கையில் தவறி இயங்காது.

3,000 வோல்ட், 4,000 வோல்ட் என்ற அச்சுக்கு மதிப்பெண் இல்லை. அதை அளக்கிற மீட்டர் கடையிலும் இல்லை, வீட்டிலும் இல்லை. கொசுவை முடிப்பது கெப்பாசிட்டரில் தேங்குகிற ஆற்றலும் பொறி அடிக்கடி வருவதும்தான். இரண்டையும் பெட்டியில் யாரும் எழுதுவதில்லை.

அடிமாட்டு விலைச் சீனப் பேட்டுகள் குவிந்ததால் 2021 ஏப்ரலில் மத்திய அரசு ஒரு கட்டுப்பாடு கொண்டுவந்தது: துறைமுகம் வந்து சேரும் விலை ஒன்றுக்கு 121 ரூபாய்க்குக் கீழே இருந்தால் இறக்குமதி கூடாது. கொசு பேட்டுக்கென்று தனி அறிவிக்கை வெளியான நாடு நம்முடையது. கொசுவுக்கு இதைவிட மரியாதை வேறென்ன வேண்டும்.

இப்போது அதிகம் விற்பது, ஸ்டாண்டில் நிறுத்தி ஊதா விளக்கைப் போட்டுவிட்டால் தானாகக் கொசு பிடிக்கும் என்று சொல்லப்படுகிற இரண்டு-இன்-ஒன் வகை. பேட்டாக அது நல்ல பேட். விளக்காக அதை நம்ப வேண்டாம். ஊதா ஒளியைத் தேடி வருவது விட்டில், ஈசல், சிறு வண்டுகள். கடிக்கிற பெண் கொசு தேடுவது மூச்சுக்காற்றின் கரியமில வாயுவையும், வியர்வை வாடையையும், உடம்புச் சூட்டையும். அமெரிக்காவின் டெலவேர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வீட்டு முற்றங்களில் தொங்கிய இத்தகைய மின்பொறிகளில் விழுந்த பூச்சிகளை எண்ணி 1996-ல் வெளியிட்டார்கள்: மொத்தம் 13,789 பூச்சிகள், அவற்றில் கடிக்கும் வகை வெறும் 31. மூடிய இருட்டறையில், ஆள் இல்லாத நேரத்தில் ஊதா விளக்கு சில கொசுக்களைப் பிடிக்கும்தான். நீங்கள் அதே அறையில் படுத்திருந்தால் விளக்கைவிட நீங்கள்தான் கவர்ச்சி.

இந்த விளக்காவது பத்துப் பூச்சியைக் கொல்லும். மனிதக் காதுக்குக் கேட்காத ஒலியால் கொசுவை விரட்டும் என்கிற கருவிகளும் போன் செயலிகளும் அதுகூடச் செய்யாது. பத்துக் கள ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்த 2007-ஆம் ஆண்டின் காக்ரேன் மதிப்பாய்வு (மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் அமைப்பு காக்ரேன்), அவற்றால் கடி குறைந்ததற்குச் சான்றே இல்லை என்று முடித்தது.

டென்னிஸ் ஆட வேண்டாம்

பெண் கொசு நொடிக்கு 400 முதல் 600 முறை சிறகடிக்கும். ஒவ்வோர் அடியிலும் சிறகு திரும்புவது சுமார் 40 டிகிரிதான். பறக்கும் வேகம் மணிக்கு இரண்டு கிலோமீட்டர் அளவு, நாம் நடப்பதைவிடக் குறைவு. அப்படியும் கைதட்டலில் சிக்காமல் தப்புவது எப்படி? உள்ளங்கைகள் நெருங்கும்போது நடுவில் இருக்கும் காற்று பக்கவாட்டில் பிதுங்கி ஓடுகிறது, இரண்டரை மில்லிகிராம் கொசுவையும் தள்ளிக்கொண்டு போகிறது. வலைக்கு அந்தக் குறை இல்லை. காற்று ஊடே போய்விடும், கொசு மாட்டிக்கொள்ளும். ஆகவே வேகம் தேவையில்லை. ஓங்கி வீசினால் குழம்பிய காற்றில் கொசு விலகுவதும், சட்டம் அலமாரியில் மோதுவதும்தான் மிச்சம். வெள்ளையடிக்கிற நிதானத்தில் பேட்டை நகர்த்துவதே சரியான முறை.

சுவரில் உட்கார்ந்திருக்கும் கொசுவை அடிக்கக் கூடாது. பட்டனை அழுத்தியபடி பேட்டைச் சுவருக்கு இணையாக, இரண்டு சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்தால் போதும். அது தானே கிளம்பி வலைக்குள் வரும். வராவிட்டால் மெல்லத் தட்டலாம். இரத்தம் குடித்து முடித்த கொசு ஏறக்குறைய தன் எடைக்குச் சமமாகச் சுமந்துகொண்டு பக்கத்துச் சுவரிலேயே உட்காரும். மிக எளிதாக மாட்டுவது அதுதான், காலம் கடந்த வெற்றி என்றாலும்.

எங்கே தேடுவது? இருட்டும் ஈரமும் அசையாத காற்றும் உள்ள இடங்கள். மேசைக்கு அடியில், செருப்பு அலமாரிக்குள், கதவில் தொங்கும் கறுப்புப் பேன்ட்டுக்குப் பின்னால், திரைச்சீலை மடிப்பில், குளியலறைக் கதவுக்குப் பின்னால். தொங்கும் துணிகளை ஒரு கையால் உதறி, மறு கையில் பேட்டைப் பிடித்தால் ஒரே சமயத்தில் நாலைந்து கிடைக்கும். மின்விசிறியை அணைத்துவிட்டு வேட்டையாட வேண்டும். விசிறிக் காற்றில் அவை வெளியே வருவதில்லை. நேரமும் பார்க்க வேண்டும். டெங்கு பரப்பும் ஏடிஸ் பகலில், குறிப்பாகக் காலையிலும் பொழுது சாயும் முன்பும் கணுக்காலைச் சுற்றும். ராத்திரி காதில் பாடுவது பெரும்பாலும் கியூலெக்ஸ். ராத்திரி மட்டும் பேட் எடுக்கிறவர்கள் டெங்குக் கொசுவை விட்டுவிடுகிறார்கள்.

பேட்டை எடுக்கக் கூடாத சமயங்களும் உண்டு. கொசு ஸ்பிரே அடித்த அறையில் உடனே பயன்படுத்தக் கூடாது. டப்பாவுக்குள் இருக்கும் வாயுவும் கரைப்பானும் எரியக்கூடியவை. கேஸ் வாடை வருகிற சமையலறை, சானிடைசர் ஈரம் காயாத கை, பெயின்ட் அடித்துக்கொண்டிருக்கும் அறை, இங்கெல்லாம் ஒரு பொறியே அதிகம். சாப்பாட்டுத் தட்டின் மேல் ஈ அடிப்பதும் வேண்டாம். மின்வலையில் ஈ வெடிக்கும்போது அதன் மேலிருந்த பாக்டீரியாவும் வைரஸும் சுற்றிலும் தெறிப்பதை அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வு காட்டியிருக்கிறது. கரப்பான் பூச்சி பேட்டுக்கு அடங்காது. அதிர்ச்சி அடைந்து இன்னும் வேகமாக ஓடும்.

சுருளோடும் திரவத்தோடும் ஒப்பிட்டால் பேட்டின் பெரிய வசதி, மூக்குக்குள் எதுவும் போகாது என்பது. ஒரு கொசுவத்திச் சுருள் முழுக்க எரிந்தால் வெளியாகும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுக்குச் சமம் என்று 2003-ல் வந்த ஓர் ஆய்வு அளந்தது. வீசிங் இருக்கிற வீட்டில் இது சின்ன விஷயமில்லை. பேட்டின் பெரிய குறை, யாராவது விழித்திருந்து பிடித்திருக்க வேண்டும். தூங்கும்போது கொசுவலைதான். அத்தோடு, ஒரு கியூலெக்ஸ் ஒரே தடவையில் நூறு முதல் முந்நூறு முட்டை வரை போடும், நம் வெயிலில் பத்து நாளுக்குள் முட்டை கொசுவாகிவிடும். மூடாத சின்டெக்ஸ் தொட்டி, ஃபிரிட்ஜின் பின்னால் இருக்கும் தண்ணீர்த் தட்டு, மணி பிளான்ட் பாட்டில் இவற்றை வாரம் ஒரு முறை கவிழ்த்துத் தேய்க்காத வீட்டில் எந்தப் பேட்டும் போட்டியில் ஜெயிக்காது. தேய்க்கச் சொல்வதற்குக் காரணம், ஏடிஸ் முட்டை பாத்திரத்தின் சுவரில் ஒட்டிக்கொண்டு தண்ணீரில்லாமலே மாதக்கணக்கில் காத்திருக்கும்.

கெட்டுப்போனால்

திறப்பதற்கு முன் பிளக்கைப் பிடுங்கி, வலையை ஸ்குரூ டிரைவரால் வடித்துவிட வேண்டும். சார்ஜ் சுற்றின் 105 ஜே கெப்பாசிட்டரிலும் மிச்சம் இருக்கலாம், அதன் இரண்டு கால்களையும் ஒரு முறை இணைத்துவிடுங்கள். அது 300 வோல்ட்டுக்கு மேல் வைத்திருக்கக்கூடியது.

பட்டனை அழுத்தியதுமே ஓயாமல் சடசடவென்று பொறி வந்தால் வலை வளைந்திருக்கிறது, அல்லது கருகிய கொசு நடுவில் ஒட்டியிருக்கிறது. காய்ந்த பல் துலக்கும் பிரஷ் போதும், ஈரத்துணி ஆகாது. வளைந்த கம்பியை மரக்குச்சியால் நிமிர்த்தலாம். மழைக்கால ஈரத்தில் சும்மாவே உஸ் என்று சத்தம் வந்து பொறி பலவீனமானால் பயப்பட வேண்டாம், வெயிலில் அரைமணி நேரம் வைத்தால் சரியாகும்.

பேட்டிலேயே இருக்கும் டார்ச் எரிகிறது, பொறி இல்லை என்றால் செல் ஓரளவு இருக்கிறது. முதலில் பட்டனைச் சந்தேகிக்க வேண்டும், அடுத்து வலைக்குப் போகும் கம்பியை. அலுமினிய வலையில் சாதாரணச் சாலிடர் ஒட்டாது, அதனால் கம்பியை முறுக்கியோ ஸ்குரூ வைத்தோ இறுக்கியிருப்பார்கள். அந்த இடம் தளர்ந்துவிடும், துருவும் ஏறும். இரண்டும் சரியாக இருந்தால் டிரான்சிஸ்டர் போயிருக்கும். பத்து, பதினைந்து ரூபாய்ப் பொருள், ஆனால் சாலிடர் பிடிக்கத் தெரிந்த கை வேண்டும்.

சார்ஜ் விளக்கு ராத்திரி முழுக்க எரிந்தும் காலையில் நாலு முறை அடித்ததும் ஓய்ந்துவிட்டால் செல் முடிந்தது. மல்டிமீட்டர் இருந்தால் உறுதி செய்யலாம்: சார்ஜிலிருந்து எடுத்ததும் 4.2 வோல்ட் அருகே காட்டி, பட்டனை அழுத்தியதும் 3.5-க்குக் கீழே சரிந்தால் சந்தேகமே இல்லை. சென்னையில் ரிச்சி தெருவிலும், மற்ற ஊர்களில் எமர்ஜென்சி லைட் பழுது பார்க்கும் கடைகளிலும் 4 வோல்ட் செல் தனியாகக் கிடைக்கும். நீள அகலத்தை அளந்துகொண்டு போங்கள், 500 என்று எழுதியதெல்லாம் ஒரே உருவத்தில் வருவதில்லை. சிவப்புக் கம்பி கூட்டல் முனைக்கு. மாற்றிப் பொருத்தினால் டிரான்சிஸ்டரும் சேர்ந்து போகும். எடுத்த செல்லில் ஈயமும் அமிலமும் இருக்கிறது. அதே கடையில் கொடுத்தால் எடைக்கு எடுத்துக்கொள்வார்கள். செல்லை ஒரு முறை மாற்றிய பேட் இரண்டாவது முறையும் கேட்டால், அப்போது டைப் சி வகைக்கு மாறிவிடுவதே லாபம்.